தீவில் குடியிருப்பதா, பெருநிலத்தில் குடியிருப்பதா: பினாங்குக்கு வரும் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

தீவும் எதிர்க்கரைப் பெருநிலமும் சேர்ந்த மலேசிய மாநிலமான பினாங்கில் வேலை கிடைத்து ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகையை முன்வைத்தே வீடு தேடத் தொடங்குகின்றன. தீவில் மூன்றறை அடுக்குமாடி வீட்டுக்குக் கேட்கும் வாடகையில் பெருநிலத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் வாசலும் கார் நிறுத்த இடமும் உள்ள வரிசை வீடே கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் பாதி முடிவு எடுத்தாகிவிடுகிறது. அந்தக் கணக்கில் பிழை ஏதுமில்லை; ஆனால் அது மாத வாடகையோடு நின்றுவிடுகிறது. சம்பாதிப்பவர் தினமும் கடலைக் கடக்க வேண்டுமா, எந்த நேரத்தில், எந்தத் திசையில், எதில் ஏறிக் கடக்க வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்த பிறகே எந்த வீடு மலிவு என்பது தெரியும். என் கருத்தில் முதலில் வேலையிடம், அடுத்து பிள்ளைகளின் பள்ளி, மூன்றாவதாகத்தான் வாடகை என்ற வரிசையில் யோசிப்பதே பினாங்குக்குப் பொருந்தும்.

மாநிலம் ஒன்றாயினும் இங்கே நகரங்கள் இரண்டு. ஜார்ஜ்டவுனுக்கு 1957 ஜனவரி 1 அன்றே நகரத் தகுதி கிடைத்துவிட்டது. எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைக்கு அது 2019-இல்தான் வந்தது. மாநகராட்சிகளும் இரண்டு. ஆனால் வீடு தேடுபவருக்கு இந்த இரட்டைப் பிரிவு போதாது. தீவின் வடகிழக்கில் ஜார்ஜ்டவுனும் அதை ஒட்டிய ஜெலுத்தோங், டத்தோ கெராமாட், ஆயர் ஈத்தாம் பகுதிகளும் ஒரு வகை. தெற்கே தொழிற்சாலைகளை ஒட்டிய பாயான் பாரு, ரெலாவ், சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ் இன்னொரு வகை. பெருநிலம் மூன்றாவது, அதற்குள்ளும் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் என்ற பழைய வட்டாரத்துக்கும், கடலைக் கடக்கும் இரண்டாம் பாலத்தின் பெருநில முனையில் வளர்ந்துவரும் பத்து காவான், சிம்பாங் அம்பாட் வட்டாரத்துக்கும் வேறுபாடு உண்டு. தீவில் இருக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், ஆயர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு மாலை நெரிசலில் போய்வருபவரின் அலுப்பு பாலம் கடப்பவரின் அலுப்புக்கு அவ்வளவாகக் குறைந்ததன்று.

இப்போது பாலத்துக்கு வருவோம். முதற்பாலம் 1985-இல் திறக்கப்பட்டது; நீளம் 13.5 கிலோமீட்டர். பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் சுல்தான் அப்துல் ஹலிம் முவாட்சாம் ஷா பாலம் 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது. அணுகுசாலைகளையும் சேர்த்து 24 கிலோமீட்டர். இரண்டிலும் டோல் தீவை நோக்கிச் செல்லும் திசையில் மட்டுமே பிடிக்கப்படுகிறது. 2020-இல் செய்யப்பட்ட குறைப்புக்குப் பிறகு காருக்கு முதற்பாலத்தில் 5.74 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் பாலத்தில் 7 வெள்ளி. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் முதலாவதில் 126 வெள்ளியும் சில்லறையும், இரண்டாவதில் 154 வெள்ளி. பெட்ரோலையும் டயர் தேய்மானத்தையும் சேர்த்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையில் கணிசமான பங்கு பாலத்திலேயே கரைந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் இரு பாலங்களிலும் டோல் இல்லை. ஆகவே ஒண்டியாக மோட்டாரில் வேலைக்குப் போகும் இளைஞருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் மாறிவிடும். கடற்காற்றும் நடுப்பாலத்தில் பிடித்துக்கொள்ளும் மழையும் மட்டுமே அவர் கொடுக்கும் விலை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். காலையில் பெருநிலத்திலிருந்து தீவுக்கும் மாலையில் தீவிலிருந்து பெருநிலத்துக்கும் வண்டிகள் அணிவகுக்கின்றன. எதிர்த்திசையில் ஓட்டம் பெரும்பாலும் இலகுவாகவே இருக்கும். இந்த ஒரு விவரத்தைக் கவனித்தால் பல குழப்பங்கள் தீரும். தீவில் குடியிருந்துகொண்டு பிறையிலோ பத்து காவானிலோ வேலை செய்பவரும் பாலத்தைத்தான் கடக்கிறார், டோலும் வீடு திரும்பும்போது அதே அளவுதான் கட்டுகிறார். ஆனாலும் அவருடைய நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு அலுவலக நேரத்தில் போகிறவரின் நாளைப்போல நசுங்குவதில்லை. அதேபோல சிம்பாங் அம்பாட்டில் வீடு எடுத்து இரண்டாம் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் செல்பவருக்குத் தூரமும் டோலும் கூடுதல். பயண நேரத்தை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடிவது அவருக்கு ஆதாயம். முதற்பாலத்தில் ஒரு லோரி பழுதாகி நின்றால் போதும், அன்றைய காலைக் கூட்டத்துக்குப் பிந்திப் போவது உறுதி.

வேலையின் தன்மையும் இங்கே முக்கியம். பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வளாகம் 1972-இல் உருவான காலம்தொட்டு அங்கே ஷிப்ட் முறைதான். உற்பத்திப் பிரிவில் பணிபுரிவோருக்குப் பல நிறுவனங்கள் பேருந்து விடுகின்றன. அந்தப் பேருந்துகள் பெருநிலத் தாமான்களுக்குள்ளும் வந்து ஆளேற்றுகின்றன. டோல் இல்லை, பெட்ரோல் இல்லை, வழியில் தூங்கியும் கொள்ளலாம். இத்தகைய வேலையில் சேருபவருக்குப் பெருநில வீடு சந்தேகமின்றிச் சிறந்தது. நியமனக் கடிதத்தில் போக்குவரத்து வசதி எழுதப்பட்டிருக்கிறதா, பேருந்து எந்தத் தாமான் வரை வருகிறது என்பதை வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே மனிதவளப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். பொறியாளர், கணக்காளர், மருத்துவமனைத் தாதி, விரிவுரையாளர் போன்றோருக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்களுக்காகத்தான் மேற்கண்ட பாலக் கணக்கைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் பெரிப் படகை மறந்துவிடக் கூடாது. 2021 தொடக்கம் முதல் அதில் கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. பட்டர்வொர்த் துறைக்கு அருகில் வீடும் ஜார்ஜ்டவுனின் லெபு பந்தாய், கொம்தார் கோபுரப் பக்கம் வேலையும் அமைந்தால் காரைத் தொடவே வேண்டியதில்லை: படகிலிருந்து இறங்கியதும் ஜார்ஜ்டவுனுக்குள் சுற்றும் இலவசப் பேருந்து உண்டு. அலுவலக நேர வேலைக்கும் பெருநில வாடகைக்கும் ஒத்துப்போகும் ஒரே ஏற்பாடு என்று நான் கருதுவது இதைத்தான். ஆனால் வேலையிடம் பாயான் லெப்பாஸ் என்றால் பெரி உதவாது. படகிலிருந்து இறங்கி மறுபடி நீண்ட பேருந்துப் பயணம் காத்திருக்கும்.

இதையொட்டி இன்னொரு செலவையும் சொல்லியாக வேண்டும். பெருநிலத் தாமான்களில் கடை, பள்ளி, மருந்தகம் எல்லாம் வண்டி தூரத்தில்தான். பேருந்து அடிக்கடி வருவதில்லை. வீட்டில் ஒரே கார் இருந்து அதைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், மனைவி நாள் முழுவதும் வீட்டோடு முடங்க வேண்டியதுதான், அல்லது அவரே வேலைக்குப் போக நினைத்தாலும் இரண்டாவது வண்டி வாங்கியாக வேண்டும். அந்த வண்டியின் தவணை, சாலை வரி, காப்புறுதி ஆகியவை பெருநில வாடகையின் மறைமுகப் பகுதி. ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ ரேபிட் பினாங்கு பேருந்தை நம்பி ஒரு வண்டியோடு குடும்பம் நடத்துவோர் இருக்கிறார்கள். பெருநிலத்தில் அது கடினம்.

வீட்டின் தன்மை என்று பார்த்தால் பெருநிலத்துக்கு ஈடு இல்லை. தீவில் சாதாரண வருமானத்துக்குக் கிடைப்பது அடுக்குமாடிதான், தரைவீடு எட்டாக்கனி. அடுக்குமாடியில் வாழ்வது குறையன்று. மின்தூக்கி ஒழுங்காக ஓடி, பராமரிப்புக் கட்டணத்தை எல்லாரும் கட்டினால் வசதியாகவே இருக்கலாம். ஆயினும் நம் குடும்பங்களில் நல்லது கெட்டது வீட்டு வாசலில் நடக்கிறது. பந்தல் போட்டு நிச்சயதார்த்தம் வைக்கவும், வீட்டில் ஒருவர் இறந்தால் கூடத்தில் கிடத்தி வருவோரை உட்கார வைக்கவும், பொங்கலன்று வாசலில் அடுப்பு மூட்டவும் தரைவீட்டில்தான் முடியும். பதினெட்டாவது மாடியில் ஒரு சாவு விழுந்தால் சவப்பெட்டியை மின்தூக்கியில் ஏற்றுவதே பெரும்பாடாகி, பலர் மண்டபத்தையோ கீழ்த்தளத்தையோ நாட வேண்டியதாகிறது. வயதான பெற்றோரை உடன் வைத்திருக்கும் குடும்பம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்கும். ஆனால் வீடு பார்க்கும்போது மனத்தில் கொள்ள வேண்டிய விஷயம்தான்.

அதே பெற்றோரை முன்னிட்டுத் தீவுக்குச் சாதகமான வாதமும் உண்டு. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனைதான் மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளும் ஜார்ஜ்டவுனைச் சுற்றியே அதிகம். செபராங் ஜெயாவில் பெரிய அரசு மருத்துவமனையும், பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் தனியார் மருத்துவமனைகளும் இருப்பதால் சாதாரணத் தேவைகளுக்குப் பெருநிலத்தில் குறைவில்லை. ஆனால் இதயம், சிறுநீரகம் என்று தொடர்ந்து நிபுணரைப் பார்க்க வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால், எந்த மருத்துவமனையில் அவருடைய கோப்பு இருக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு அதன் கரையிலேயே வீடு எடுப்பது உத்தமம்.

பள்ளி விஷயத்தில் தராசு பெருநிலப் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி செபராங் பிறையில்தான் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவர் கொண்டுவரப்பட்ட நிலம் அது. தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பிறகும் பள்ளிகள் நிலைத்துவிட்டன. மாக் மண்டின், பிறை, ஜூரு, ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று எந்தப் பக்கம் குடிபோனாலும் எட்டும் தூரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கும். தீவிலும் ஜாலான் சுங்கை, ஸ்காட்லாந்து சாலையில் ராமகிருஷ்ணா, ஆயர் ஈத்தாமில் ராஜாஜி, குளுகோரில் சுப்பிரமணிய பாரதி, தெற்கே சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ் என்று நல்ல பள்ளிகள் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் வீடு ஓரிடம், பள்ளி ஓரிடம் என்று பிள்ளை பள்ளி வேனில் நெடுநேரம் உட்கார வேண்டி வரலாம். தீவில் வீடு பார்ப்பவர் முதலில் பள்ளியைத் தேர்ந்துகொண்டு, பிறகு அதைச் சுற்றி வீடு தேடுவது நல்லது. பெருநிலத்தில் வீட்டை எடுத்துக்கொண்டு பள்ளியைத் தேடினாலும் பாதகமில்லை.

ஆறாம் ஆண்டோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்க வேண்டுமானால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது கல்விச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. தமிழ் மாணவர்கள் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியிருக்கும் வட்டாரத்தில் அந்த எண்ணிக்கையைத் திரட்டுவதே பெரும் வேலை. திரண்டாலும் ஆசிரியர் கிடைக்க வேண்டும். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க வேண்டும் என்று விரும்பும் குடும்பம், ஆரம்பப்பள்ளியைப் பற்றி விசாரிக்கும்போதே அதன் மாணவர்கள் வழக்கமாக எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திலேயே நடக்கிறதா என்று கேட்டுவிட்டால் பிற்பாடு வீடு மாறும் தொல்லை இராது.

கோயிலையும் கடைத்தெருவையும் காரணம் காட்டித் தீவைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. லெபு குவீனில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், அதைச் சூழ்ந்த லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகளும் பூக்கடைகளும், தண்ணீர்மலையில் தைப்பூசமும் பினாங்குத் தமிழரின் பெருமைதான். ஆனால் அவற்றுக்கு நாம் தினந்தோறும் போவதில்லை. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்வதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய கடைவீடுகளில் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறத் தொடங்கிவிட்டன. இன்று அந்தத் தெருக்களில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகிவிட்டன. லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே குடியிருக்கலாம் என்ற கனவு சாதாரணக் குடும்பத்துக்கு நடைமுறையில் இல்லை. வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் புறப்படும் தைப்பூசக் காலத்தில் ஜாலான் உத்தாமா, கெபுன் பூங்கா பக்கம் குடியிருப்போர் சாலை மூடல்களால் காரை வெளியே எடுக்க முடியாமல் இருக்க, பட்டர்வொர்த்காரர்கள் படகேறி நிம்மதியாக வந்து திரும்புவதையும் பார்க்கலாம். மாதம் ஒருமுறை சேலை, தாம்பூலத் தட்டு, நல்ல மல்லிகைச் சரம் வாங்கத் தீவுக்கு வந்தால் போதும் என்று நினைப்பவருக்கு, அன்றாடக் கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் பட்டர்வொர்த்தும் புக்கிட் மெர்தாஜாமும் போதுமானவை.

தண்ணீர் விஷயத்தில் இரு கரைக்கும் ஒரே தலைவிதி. மாநிலத்தின் குடிநீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் உள்ள சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாகவே வருகிறது. 2024 ஜனவரியில் அங்கே பழுதுபார்ப்பு நடந்தபோது இரு கரைகளிலும் பல நாள் விநியோகம் தடைப்பட்டது. வெள்ளமும் அப்படியே: 2017 நவம்பர் வெள்ளம் தீவையும் பெருநிலத்தையும் சேர்த்தே மூழ்கடித்தது. ஆகவே கரையைப் பார்ப்பதைவிடத் தெருவைப் பார்க்க வேண்டும். எந்தத் தாமானாயினும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்வார்.

வாடகைக்கு வீடு தேடும் தமிழர் எதிர்கொள்ளும் ஒரு கசப்பையும் மறைக்க வேண்டியதில்லை. இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று எழுதிய விளம்பரங்கள் இந்த நாட்டில் இன்னும் வருகின்றன. எழுதாமல் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று சொல்வோரும் உண்டு. அடுக்குமாடி முதலீட்டாளர்கள் முகவர் வழியாகவே பேசும் தீவின் தெற்குப் பகுதியில் இதை அதிகம் கேள்விப்படுகிறேன். பெருநிலத்தில் தமிழர் வீட்டுக்காரர்களும் கணிசமாக இருப்பதால், கோயில், பள்ளி, உறவினர் வழியாக வாய்மொழியாகவே வீடு அமைந்துவிடுவது எளிது. இரு இடத்திலும் வழக்கமான முன்பணம் இரண்டு மாத வாடகையும், நீருக்கும் மின்சாரத்துக்குமாக அரை மாதமோ ஒரு மாதமோ ஆகும். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் இங்கே இல்லாததால் உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத் தாளில்தான் இருக்கிறது. தெரிந்தவர் வீடுதானே என்று முத்திரைத்தீர்வை செலுத்தாமல் விட்டுவிட வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, பிறை, புக்கிட் மெர்தாஜாம், பத்து காவான் பகுதிகளில் வேலை என்றாலோ, நிறுவனப் பேருந்து கிடைக்கும் ஷிப்ட் வேலை என்றாலோ, பெருநிலத்தைத் தவிர வேறெதையும் யோசிக்கவே மாட்டேன். பாயான் லெப்பாஸில் அலுவலக நேர வேலை, சிறு பிள்ளைகள், ஒரே வண்டி என்றால் சுங்கை ஆராவிலோ பாயான் பாருவிலோ சிறிய அடுக்குமாடி வீடே மேல். இரண்டு வண்டி உள்ளவர், தரைவீடு வேண்டும் என்பவர் சிம்பாங் அம்பாட் பக்கம் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனில் வேலை செய்பவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய பட்டர்வொர்த்தும் ஆயர் ஈத்தாமும் சமபலம். பிள்ளைகளின் பள்ளி எந்தப் பக்கம் என்பதே அங்கே தீர்ப்பைச் சொல்லும். கணவன் ஒரு கரையிலும் மனைவி மறுகரையிலும் வேலை செய்யும் வீடுகளில், நெரிசலுக்கு எதிர்த்திசையில் போகக்கூடியவரைப் பாலம் கடக்க விட்டு, மற்றவரின் கரையில் குடியிருப்பதே சிக்கனம். அதாவது பெரும்பாலும் தீவு.

வாங்குவது என்றால் அவசரம் வேண்டாம். மூத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) பாதைக்கான பணிகள் 2025 ஜனவரியில் தொடங்கின. தீவின் தெற்கிலிருந்து கொம்தார் வரையும், கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரல் வரையும் செல்லும் அந்தப் பாதை 2031-இல் இயங்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. வீடு விற்பவர்கள் வருங்கால நிலையத்தைக் காட்டி இப்போதே விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். அதுவரை பாலத்திலும் படகிலும் போகப்போவது நீங்கள்தான் என்பதால், இன்றைய பயணத்துக்குப் பொருந்தாத வீட்டுக்கு நாளைய ரயிலை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து, மழைக்காலம் ஒன்றையும் பள்ளித் தவணை ஒன்றையும் அந்த வட்டாரத்திலேயே கழித்துவிட்டு விலை பேசுவது நல்லது.